டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் பழைய வழக்கின் சான்றிட்ட நகல் பெறுவது எப்படி?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். என் தம்பி குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறான். பல ஆண்டுகளுக்கு முன் ஹூஸ்டனில் படித்த காலத்தில், நண்பர்களோடு பிக் பெண்ட் பக்கம் போய்த் திரும்பும் வழியில், மேற்கு டெக்சாஸின் சிறிய கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றில் அவனை நிறுத்தி, அதிவேகத்தோடு பொறுப்பின்றி ஓட்டியதாகக் கூறி ஓர் இரவு காவலில் வைத்து, மறுநாள் பிணையில் விட்டார்கள். பின்னர் அந்த வழக்கு தள்ளுபடியானதாக வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். அவர் இப்போது தொழிலில் இல்லை. எங்களிடம் பிணைத் தாள் ஒன்றைத் தவிர வேறு காகிதம் எதுவும் இல்லை.

வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும் நீதிமன்ற முத்திரையிட்ட நகல் கட்டாயம் வேண்டும் என்று குடிவரவு வழக்கறிஞர் கூறுகிறார். அந்தக் கவுண்டியின் இணையதளத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் அலுவலக நேரமும் மட்டுமே உள்ளன. வழக்குகளைத் தேடும் வசதி இல்லை. இதை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேற்குச்சாலை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் மிட்லண்டில் வசிப்பவன். நிலக் குத்தகை ஆவணங்களைத் தேடும் வேலை காரணமாக இந்தப் பகுதியின் கோர்ட் ஹவுஸ் பலவற்றுக்கும் போய் வந்து பழகியவன் என்பதால் சொல்கிறேன்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நீதிமன்றப் பதிவுகளைத் தானே வைத்துக்கொள்கிறது. பழைய குற்ற வழக்குகளையெல்லாம் ஓரிடத்தில் தேடிச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளும்படி மாநிலம் முழுமைக்குமான அலுவலகம் எதுவும் கிடையாது. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, தம்பியின் வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்பதைத்தான். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய சிறு குற்றங்கள், அதாவது சாதாரண வேக டிக்கெட் போன்றவை, ஊர் எல்லைக்கு வெளியே நடந்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்துக்கும், நகரக் காவலர் எழுதியிருந்தால் அந்த நகரின் முனிசிபல் நீதிமன்றத்துக்கும் போகும். சிறைத்தண்டனைக்கு இடமுள்ள, மிஸ்டிமீனர் எனப்படும் அடுத்த நிலைக் குற்ற வழக்குகள் கவுண்டி நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றின் கட்டுகள், அதாவது வழக்குக் கோப்புகள், கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். ஃபெலனி எனப்படும் பெருங்குற்றங்களும் விவாகரத்து வழக்குகளும் டிஸ்ட்ரிக்ட் நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. அவற்றை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் வைத்திருப்பார். ஒரே டிஸ்ட்ரிக்ட் நீதிபதி பல கவுண்டிகளுக்குச் சுற்றுப்பயணம் செய்து வழக்குகளைக் கேட்பது இங்கே வழக்கம் என்றாலும், கட்டு மட்டும் அந்தந்தக் கவுண்டியிலேயே தங்கிவிடும்.

மக்கள்தொகை 8,000க்கும் குறைந்த கவுண்டிகளில் இவ்விரு கிளார்க் பதவிகளையும் ஒருவரே வகிக்கலாம் என்று மாநில அரசியலமைப்பே கூறுகிறது. லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான் இருந்தார்கள். அத்தகைய இடங்களில் யாரைக் கேட்பது என்ற குழப்பம் பாதியாகக் குறையும்.

பிக் பெண்ட் என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். தம்பியை நிறுத்தியது தேசியப் பூங்கா எல்லைக்குள்ளா, வெளியிலா? பூங்காவுக்குள் ரேஞ்சர் எழுதும் டிக்கெட் மத்திய அரசுக்குரியது. அது சான் அன்டோனியோவில் உள்ள சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோவுக்குப் போகும். அப்படியானால் கவுண்டி அலுவலகத்தில் எவ்வளவு தேடினாலும் ஒரு வரிகூடக் கிடைக்காது.

வைகைக்கரை எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. நிறுத்தியது பூங்காவுக்கு வெளியே, நெடுஞ்சாலையில்தான். மாநில நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர் நிறுத்தினார். குற்றச்சாட்டு ரெக்லெஸ் டிரைவிங் என்று பிணைத் தாளில் எழுதியிருக்கிறது. அதே தாளில் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் ஒருவரின் கையெழுத்தும் உள்ளது. அந்த நீதிமன்றத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, அப்படி ஒரு வழக்கு தங்களிடம் இல்லை என்று கூறிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட நீதிமன்றமே வழக்கு இல்லை என்று சொன்னால் வேறு எங்கே போவது?

ஏட்டுத்தேடல் எழுதியது:

அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்க வாய்ப்பு அதிகம் அம்மா. டெக்சாஸில் ஒருவர் கைதானால் 48 மணி நேரத்துக்குள் ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, குற்றச்சாட்டையும் உரிமைகளையும் சொல்லிப் பிணைத் தொகையை முடிவு செய்ய வேண்டும். கிராமப்புறத்தில் அந்த மாஜிஸ்திரேட் வேலையைப் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்தான் செய்கிறார். அவர் பிணைத் தாளில் ஒப்பமிட்டதால் மட்டும் வழக்கு அவருடையதாகிவிடாது. ரெக்லெஸ் டிரைவிங்குக்கு 200 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம். சிறைக்கு இடமுள்ளதால் அது அந்தச் சிறு நீதிமன்றத்தின் வரம்பைத் தாண்டியது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது கவுண்டி கிளார்க்கை. நான் டெக்சாஸில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். பிணைத் தாளில் உள்ள பெயரைப் பின்தொடர்ந்து போய்த் திரும்பிவருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கைது நடந்துவிட்டாலும், கவுண்டி அட்டர்னி (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யாமலே விட்டிருக்கலாம். அப்படியானால் வழக்கு என்ற ஒன்றே பிறக்கவில்லை. வழக்கு எண்ணும் இராது. அந்த நிலையில், தேடிப் பார்த்ததில் பதிவு எதுவும் இல்லை என்று முத்திரையோடு கிளார்க் தரும் கடிதமும், வழக்குத் தொடரவில்லை என்று கவுண்டி அட்டர்னி அலுவலகம் தரும் கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். குடிவரவுத் துறைக்கு அவற்றைக் கொடுப்பதே முறை.

எது நடந்தது என்று முன்கூட்டியே அறிய விரும்பினால், தம்பி தன் விரல்ரேகையைக் கொடுத்துத் தன்னுடைய குற்றவரலாற்றுப் பதிவை டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையிடமோ, 18 டாலர் கட்டணத்தில் எஃப்.பி.ஐ.யிடமோ பெறலாம். கைது செய்த துறை, குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றத்துக்குப் போனது என்ற விவரங்கள் அதில் இருக்கக்கூடும். ஆனால் அது நீதிமன்ற நகலுக்கு மாற்றாகாது. பணம் வாங்கிக்கொண்டு பின்னணி விவரம் தரும் தனியார் தளங்களை இதற்காக நாடாதீர்கள். அவர்கள் அனுப்பும் தாளில் நீதிமன்ற முத்திரை இருக்காது என்பதால் இந்தத் தேவைக்கு அது பயன்படாது.

ஆஸ்டின் வாசகர் எழுதியது:

கிளார்க் அலுவலகம் தாமதப்படுத்தினால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடலாமே? நம் ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள் கெடு இருப்பதுபோல், டெக்சாஸ் சட்டத்திலும் பத்து வேலைநாள் என்று ஒரு கெடு இருப்பதாக நினைவு. சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் அலுவலகங்கள் விரைந்து செயல்படும்.

ஏட்டுத்தேடல் எழுதியது:

அந்தச் சட்டம் 1973இல் வந்தது, நல்ல சட்டம்தான். ஆனால் அது நீதித்துறைக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டமும் நீதிமன்றங்களைத் தொடாது. எனவே கிளார்க்கிடம் உள்ள வழக்குக் கட்டுக்கு இந்தச் சட்டங்களைக் காட்டி எழுதினால், இது எங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரிப் பதில் வந்து நாள்தான் வீணாகும். ஷெரிஃப் அலுவலகத்தின் கைது அறிக்கை வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். அங்கேயும் சில விலக்குகள் உண்டு.

நீதிமன்றப் பதிவுகளைப் பார்க்கவும் நகலெடுக்கவும் மக்களுக்குள்ள உரிமை, இந்தச் சட்டங்களைவிட மிகப் பழைய வழக்காற்று உரிமை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல், நிக்ஸன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டு, அது வரம்பற்றதல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. டெக்சாஸின் உரிமையியல் நடைமுறை விதி 76ஏ, நீதிமன்றப் பதிவுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகிறது. மூடி முத்திரையிட வேண்டும் என்று கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். கவுண்டி கிளார்க்கின் பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை என்று மாநிலச் சட்டமும் தனியே கூறுகிறது. சிறார் வழக்குகள், தத்தெடுப்புக் கட்டுகள், நீதிமன்ற உத்தரவால் மறைக்கப்பட்டவை போன்றவை இதற்கு விலக்கு.

இந்தியாவிலிருந்து வரும் நம்மவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதிவதில்லை. அங்கே மூன்றாம் நபர் ஒருவர் நகல் கேட்டால், பல உயர் நீதிமன்ற விதிகளின்படி காரணத்தை விளக்கிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். குஜராத் உயர் நீதிமன்றத்தின் அத்தகைய விதியை உச்ச நீதிமன்றம் 2020இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முழுக் கதையையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, கெஞ்சும் தொனியில் அனுப்புகிறார்கள். இங்கே, ஏன் வேண்டும் என்று சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. என்ன வேண்டும் என்பதைத்தான் துல்லியமாகச் சொல்ல வேண்டும். இந்த ஒன்றை எல்லோரும் உணர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

கடிதத்தில் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: கைதானவரின் முழுப் பெயர், பிறந்த தேதி (மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறிப் புரிந்துகொள்ளப்படும்), கைதான நாள், குற்றச்சாட்டு, கைது செய்த துறை, தெரிந்தால் வழக்கு எண். அதன் பிறகு, குற்றப்பத்திரிகை, தள்ளுபடி கோரி அரசு வழக்கறிஞர் இட்ட மனு, அதன்மேல் நீதிபதி ஒப்பமிட்ட உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதிவு கிடைக்காவிட்டால், எந்தப் பெயர்களில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினார்கள் என்று குறிப்பிட்டு முத்திரையிட்ட கடிதம் தருமாறும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உடன் வையுங்கள். கவுண்டி கிளார்க் நகலுக்குப் பொதுவாகப் பக்கத்துக்கு 1 டாலர், சான்றிடுவதற்கு 5 டாலர். தேடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சிறு அலுவலகங்கள் தனிநபர் காசோலையை ஏற்காமல் மணி ஆர்டர் கேட்பது வழக்கம் என்பதால், அனுப்பும் முன் தொலைபேசியில் தொகையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினோம். மணி ஆர்டரும் வைத்தோம். அந்தப் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. கவுண்டி அட்டர்னி அலுவலகத்தைக் கேட்டால், வழக்குத் தாக்கலானதாகத் தங்கள் கணினிக் குறிப்பு காட்டுகிறது, எண்ணை கிளார்க்கிடம் கேளுங்கள் என்கிறார்கள். இருவரும் கோர்ட் ஹவுஸின் ஒரே மாடியில் இருக்கிறார்கள். நேர்காணல் நாள் எந்நேரமும் வரலாம் என்பதால் தம்பி மிகுந்த கவலையில் இருக்கிறான்.

தேன்மொழி எழுதியது:

சகோதரி, தம்பியின் அந்தக் காலக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலியாக இருந்ததா? நம் மக்களில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். இயற்பெயர் இடத்தில் ஒரே பெயர் அல்லது முன்னெழுத்தோடு கூடிய பெயர் மட்டும் இருக்கும். அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்துக்கு மாற்றிவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமம், அதைப் பார்த்து டிக்கெட், அதைப் பார்த்து வழக்குப் பதிவு என்று அந்த மூன்றெழுத்து தொடர்ந்து போகும். பின்னாளில் நாம் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்கிறோம். கிரீன் கார்டும் அந்தப் புதிய பெயரில் வருகிறது. இப்போதைய பெயரில் தேடச் சொன்னால், பழைய பதிவு எப்படிக் கிடைக்கும்?

என் கணவரின் பழைய டிக்கெட் ஒன்றைத் தேடியபோது, அவருடைய பதிவு எஃப் எழுத்தின்கீழ் இருந்தது. எனவே இயற்பெயரைக் குடும்பப்பெயராக வைத்து ஒருமுறை, தந்தை பெயரை வைத்து ஒருமுறை, எஃப்.என்.யு. என்பதைக் குடும்பப்பெயராக வைத்து ஒருமுறை, முன்னெழுத்தை விரித்து ஒருமுறை என்று எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் எழுதித் தேடச் சொல்லுங்கள். பெயரின் நடுவில் இடைவெளி விட்டும் விடாமலும் எழுதுங்கள். பழைய உரிமத்தின் படி இருந்தால் உடன் வையுங்கள்.

மேற்குச்சாலை எழுதியது:

தேன்மொழி அவர்கள் சொல்வதை நான் முழுமையாக வழிமொழிகிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்ப் பதிவேடுகள் எப்படி இருக்கும் என்று தெரியாது என்பதால் சற்று விளக்குகிறேன்.

பழைய கோர்ட் ஹவுஸ்களில் கிளார்க் அறைக்குப் பின்னால் இரும்புக் கதவிட்ட ஓர் அறை இருக்கும். அதில் உருளைகள் பொருத்திய எஃகு அடுக்குகளில், ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் பதிவேடுகள் படுக்கையாக வைக்கப்பட்டிருக்கும். உருளைகள் இருப்பதால்தான் இழுத்து எடுக்க முடிகிறது. குற்றவியல் வழக்குகளுக்கான பெயர்ப் பதிவேட்டைத் திறந்தால், ஓரத்தில் எழுத்து வெட்டிய தாள்கள். ஒவ்வோர் எழுத்தின்கீழும் பிரதிவாதியின் குடும்பப்பெயர், முதற்பெயர், வழக்கு எண், தொகுதி, பக்கம். ஓர் எழுத்துக்குள் அகரவரிசை கிடையாது. வழக்கு வந்த நாள் வரிசையிலேயே எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே ஆண்டு தெரியாமல் தேடுபவர் அந்த எழுத்தின் எல்லாப் பக்கங்களையும் விரல் வைத்துப் படித்தாக வேண்டும். கணினிக்கு மாறிய கவுண்டிகளிலும் பழைய ஆண்டுகள் இப்படியே இருப்பதுண்டு. தொலைபேசியில் ஒரு பெயரைச் சொன்னால் அலுவலர் திரையில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். அதைவிட அதிகமாகத் தேட அவருக்கு நேரம் இல்லை. அதே ஆள் கல்யாண உரிமம் கொடுக்கிறார், நிலப்பத்திரம் பதிகிறார், தேர்தல் வேலையும் பார்க்கிறார்.

இன்னொன்று. கட்டு காணாமல் போயிருந்தாலும் மனம் தளர வேண்டாம். நீதிமன்றத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் உத்தரவுகள் தனியே பதிவாகியிருக்கும். அதில் உள்ள பக்கத்துக்கும் சான்றிட்ட நகல் தருவார்கள்.

மின்னணு வழியில் தாக்கலான வழக்கு ஆவணங்களைத் தேட, இணையத்தில் ரீசர்ச்டிஎக்ஸ் என்றொரு மாநிலத் தளம் இருக்கிறது. உரிமையியல் வழக்குகளை மின்னணு வழியில் தாக்கல் செய்வது 2014இல் பெரிய கவுண்டிகளில் தொடங்கி, 20,000க்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள கவுண்டிகளுக்கு 2016 ஜூலையில்தான் கட்டாயமானது. குற்றவியல் வழக்குகள் அதற்கும் பிந்தியவை. அதனால் தம்பியின் வழக்கை அதில் தேடுவதில் பயன் இருக்காது.

வைகைக்கரை எழுதியது:

கிடைத்துவிட்டது! தேன்மொழி சகோதரி சொன்னதுபோலவே, பழைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இல்லை. எல்லாப் பெயர் வடிவங்களையும் எழுதி, கைதான மாதத்தையும் ஆண்டையும் மேலே பெரிதாகக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்பினோம். கிளார்க் அம்மையாரே தொலைபேசியில் அழைத்து, எஃப்.என்.யு. என்பது குடும்பப்பெயராகப் பதிவாகியிருப்பதாகச் சொன்னார். மிகவும் பொறுமையாகப் பேசினார். தள்ளுபடி மனுவும் கவுண்டி நீதிபதியின் உத்தரவும் நீல மையில் முத்திரையோடு வந்துவிட்டன. பெயர் வேறுபாட்டை விளக்க, பழைய கடவுச்சீட்டின் படியையும் விசாவின் படியையும் உடன் இணைக்குமாறு குடிவரவு வழக்கறிஞர் கூறியிருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆஸ்டின் வாசகர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி சகோதரி. இதே நிலையில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்காகக் கேட்கிறேன். அவருடைய வழக்கும் தள்ளுபடியாகிவிட்டது. பதிவையே அழித்துவிடும்படி நீதிமன்றத்தில் எக்ஸ்பங்ஷன் மனுப் போடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொல்கிறார். அதைச் செய்துவிட்டால் இந்தத் தேடல் எதுவும் தேவைப்படாதல்லவா?

ஏட்டுத்தேடல் எழுதியது:

அவர் குடியுரிமை பெறாதவர் என்றால், மனுப் போடும் முன் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளும்படி அவரிடம் இன்றே சொல்லுங்கள். எக்ஸ்பங்ஷன் உத்தரவு வந்துவிட்டால் கிளார்க், ஷெரிஃப், பொதுப் பாதுகாப்புத் துறை என எல்லோரும் தங்கள் பதிவுகளை அழிக்கவோ திருப்பித் தரவோ வேண்டும். அதன்பின் கேட்டால் கொடுக்க எதுவும் இருக்காது. மாநிலச் சட்டத்தில் அந்தக் கைது நடக்காததாகக் கருதப்பட்டாலும், என்-400 படிவம் எப்போதாவது கைதானீர்களா என்றே கேட்கிறது. அழிக்கப்பட்ட பதிவையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். மறைக்கவில்லை என்று காட்டவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே வழக்கு முடிந்தது என்று நிரூபிக்கவும் அந்த நகல் ஒன்றுதான் கையில் இருக்கும்.

டிஃபர்டு அட்ஜுடிகேஷன், அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்து, விதித்த கட்டுப்பாடுகளை நிறைவேற்றியதும் வழக்கைத் தள்ளுபடி செய்யும் முறையில் வழக்கு முடிந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெக்சாஸில் அது தண்டனையாகக் கணக்கில் வராது. ஆனால் 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத் திருத்தத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதேனும் கட்டுப்பாடு விதித்திருந்தால், குடிவரவு நோக்கில் அது தண்டனையாகவே கருதப்படும். உங்கள் நண்பரின் உத்தரவில் எந்தச் சொற்கள் உள்ளன என்பதைக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கும் முதலில் நகல் வேண்டும். இரண்டு படிகள் வாங்கி, ஒன்றைப் பிரிக்காத உறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.